குழாய் ஏன் தட்டுகிறது?
காற்றைச் சூடாக்கும் ஆவிச் சுருள் பற்றி ஒரு விளக்கம்

கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்யும் வாசகர்கள் சிலர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். "பொயிலர்காரர் விடியற்காலையில் ஆவியைத் திறந்துவிட்டதும் சுடுகாற்றுப் பெட்டிக்குள்ளே குழாய் டொக்கு டொக்கென்று தட்டுதே, அது எதனாலே? சும்மா சத்தந்தானா, இல்லே பயப்படணுமா?"

நல்ல கேள்வி. சுருக்கமாகச் சொன்னால் அது சும்மா சத்தம் அல்ல. குழாய்க்குள் தேங்கி நிற்கும் தண்ணீரை ஆவி தூக்கி அடிக்கும் சத்தம் அது. லேசாக இரண்டு தட்டுத் தட்டி நின்றாலும் பொயிலர்காரரிடம் சொல்லவேண்டும். பலமாகத் தொடர்ந்து தட்டினால் ஆட்கள் அந்த இடத்தைவிட்டு விலகவேண்டும். ஏன் இப்படிச் சொல்கிறோம் என்பது விளங்க வேண்டுமானால், அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது, ஆவி அங்கே போய் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

முதலில் ஒன்று. எல்லாத் தோட்டத்திலும் இந்த ஏற்பாடு கிடையாது. பல தொழிற்சாலைகளில் விறகு அடுப்பின் இரும்புக் குழாய்களைச் சுற்றி வரும் காற்றுத்தான் ட்ரையருக்கும் மாடிக்கும் போகிறது. சில தொழிற்சாலைகளில் பொயிலர் வைத்து, ஆவியைக் குழாய் வழியே கொண்டுவந்து, அந்த ஆவியின் சூட்டில் காற்றைச் சூடாக்குகிறார்கள். காற்று போகும் பாதையில் வளைந்து வளைந்து நிற்கும் அந்தக் குழாய்க் கூட்டத்தைத்தான் ஆவிச் சுருள் என்கிறோம். நம்மவர்கள் "ரேடியேட்டர்" என்று சொல்வதும் இதைத்தான். குளிர் நாடுகளில் ஆஸ்பத்திரி, பாடசாலை, பெரிய கட்டடம் ஆகியவற்றுக்குள் அனுப்பும் காற்றைச் சூடாக்குவதற்கும் இதே சுருளைத்தான் வைக்கிறார்கள். அந்தக் கதைக்கும் தேயிலைக்கும் ஒரு சொந்தம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறோம்.

ஆவிக்குள் ஒளிந்திருக்கும் சூடு

வீட்டில் கேத்தலை அடுப்பில் வைத்துப் பாருங்கள். பச்சைத் தண்ணீர் கொதிநிலைக்கு வர 5 நிமிடம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இறக்காமல் அப்படியே விட்டால், அதே நெருப்பில் அந்தத் தண்ணீர் முழுவதும் வற்றிப்போக அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். அந்த அரை மணித்தியாலமும் நெருப்பு எரிகிறது, விறகு செலவாகிறது. ஆனால் தண்ணீரின் சூடு மட்டும் 100 பாகையைத் தாண்டுவதில்லை. (நுவரெலியாவில் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். உயரம் கூடக் கூடக் காற்றின் அமுக்கம் குறைவதுதான் காரணம். அங்கே பருப்பு அவியச் சுணங்குவதும் இதனால்தான்.)

அப்படியானால் அந்த நெருப்பெல்லாம் எங்கே போனது? தண்ணீரை ஆவியாக மாற்றுவதற்குப் போனது. அது அழிந்துபோகவில்லை, ஆவிக்குள் ஒளிந்து நிற்கிறது. 20 பாகையில் உள்ள ஒரு கிலோ தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 335 கிலோஜூல் அளவு சூடு போதும். கொதிக்கும் அதே தண்ணீரை ஆவியாக்க 2,257 கிலோஜூல் வேண்டும். ஏறக்குறைய ஏழு மடங்கு!

இந்த ஆவி ஒரு குளிர்ந்த இரும்பில் பட்டால் உடனே மறுபடி தண்ணீராகிறது. ஆகும்போது, வாங்கிய 2,257-ஐயும் அப்படியே அந்த இரும்பிடம் கொடுத்துவிடுகிறது. ஆவிச் சுருள் வேலை செய்யும் இரகசியம் இவ்வளவுதான். ஆவி சூடாக இருப்பதால் மட்டும் காற்றைச் சூடாக்குவதில்லை. தண்ணீராக மாறுவதால்தான் அவ்வளவு சூட்டைக் கொடுக்கிறது. சுருள் நன்றாக வேலை செய்கிறது என்றால் அதற்குள் ஓயாமல் தண்ணீர் உண்டாகிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் மீதிப் பகுதி முழுவதும் அந்தத் தண்ணீரைப் பற்றியதுதான்.

ஒரு கணக்குச் சொல்கிறோம். நம்முடைய பழைய லயத்துக் காம்பரா ஒன்று பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒன்பதடி உயரம் என்று எடுத்துக்கொண்டால் அதற்குள் சுமார் 30 கன மீற்றர் காற்று இருக்கும். ஒரே ஒரு கிலோ ஆவி தண்ணீராகும்போது கொடுக்கும் சூடு, உறைபனிக் குளிரில் உள்ள காற்றை 20 பாகைக்குக் கொண்டுவர, அப்படிப்பட்ட மூன்று காம்பராவுக்குக் காணும். கையால் தூக்கும் ஒரு தண்ணீர்ப் போத்தல் அளவுதான் அந்த ஒரு கிலோ.

சுருள் எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது?

லொறியின் முன்பக்கத்தில் ரேடியேட்டரைப் பார்த்திருப்பீர்கள். குழாய்களும் அவற்றைச் சுற்றி நெருக்கமாக மெல்லிய தகடுகளும் இருக்கும். ஆவிச் சுருளும் அதே சாடைதான். குழாய் செம்பாகவோ உருக்காகவோ இருக்கும். அதன்மேல் அலுமினியத் தகடோ உருக்குத் தகடோ மீன் செட்டை மாதிரி வரிசையாக நிற்கும். இந்தச் செட்டைகள் அழகுக்கு வைத்தவை அல்ல. ஆவி சூட்டைச் சட்டென்று கொடுத்துவிடும். ஆனால் காற்று அதை வாங்குவதில் மகா மந்தம். ஆகவே காற்று தொட்டுப் போவதற்குக் கூடுதலான இடம் வேண்டும். அதற்காகத்தான் செட்டை.

ஒரு பக்கத்தில் பெரிய விசிறி காற்றைத் தள்ளும். காற்று செட்டைகளுக்கு இடையால் நுழைந்து சூடாகி மறுபக்கம் வரும். ஆவி குழாய்க்குள்ளே, காற்று குழாய்க்கு வெளியே. இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. பொயிலர் அடுப்பின் புகையோ வெகு தூரத்தில், புகைக்கூண்டு வழியே போய்விடுகிறது. அடுப்புக் குழாயில் வெடிப்பு விழுந்து புகை கலந்தால் தேயிலையில் புகை வாடை அடித்து விலை விழும் என்பது ட்ரையரில் நிற்பவர்களுக்குத் தெரியும். ஆவிச் சுருளில் அந்தப் பயம் இல்லை. ஓட்டை விழுந்தாலும் ஈரந்தான் வரும், புகை வராது.

நம்முடைய மாடிக்கு ஏன் இந்தச் சூடு? 100 கிலோ பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். வாட்டி முடிப்பதற்குள் அதில் சுமார் 50 கிலோ காற்றோடு போகவேண்டும். மழைக் காலத்தில் காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கும்போது அது எப்படிக் கொழுந்தின் ஈரத்தை வாங்கும்? 18 பாகையில் ஒரு கன மீற்றர் காற்று அதிகபட்சம் 15 கிராம் ஈரத்தைத்தான் தாங்கும். அதே காற்றை 25 பாகைக்குச் சூடாக்கினால் 23 கிராம் வரை தாங்கும். ஏழு பாகை கூட்டினால் கொள்ளளவு பாதி மடங்கு கூடிவிடுகிறது. அதனால்தான் ட்ரஃப் என்கிற நீளத் தொட்டிக்கு அடியில் காற்றை இளஞ்சூடாக மட்டும் விடுகிறார்கள். ட்ரையரில் 90 முதல் 100 பாகை வரை வேண்டும், மாடிக்கு அவ்வளவு கூடாது. சூடு மிஞ்சினால் கொழுந்து வாடுவதற்குப் பதிலாகக் காய்ந்து கருகிப்போகும். டீமேக்கர் ஐயா ஈரத்துணி சுற்றிய வெப்பமானியையும் சுற்றாத வெப்பமானியையும் மாறி மாறிப் பார்ப்பது சும்மா பொழுதுபோக்குக்கு அல்ல.

தேயிலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு

பழைய தொழிற்சாலைகளில் ட்ரையரின் மீதோ விசிறியின் மீதோ "சிரோக்கோ" என்று வார்த்த பெயர்ப் பலகையைப் பார்த்தவர்கள் உண்டு. சிரோக்கோ என்பது ஆபிரிக்காவின் சகாராப் பாலைவனத்திலிருந்து மத்தியதரைக் கடல் பக்கம் வீசும் அனற்காற்றின் பெயர். அந்தப் பெயரை வைத்தவர் சாமுவேல் டேவிட்சன் என்ற ஐரிஷ்காரர். 1846-ல் பிறந்தவர். 1864-ல், பதினெட்டு வயது ஆகும் பருவத்திலேயே, வடகிழக்கு இந்தியாவின் காச்சார் பகுதிக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தார். அந்தக் காலத்தில் அங்கே கரி நெருப்பின் மேல் தட்டு வைத்து, தேயிலையைக் கையால் புரட்டிக் காய வைத்தார்கள். அந்தப் புகையில் மூச்சு முட்ட நின்றவர்கள் யார் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. நெருப்பையும் தேயிலையையும் பிரித்து வைத்து, நடுவில் சுத்தமான சுடுகாற்றை மட்டும் அனுப்பினால் என்ன என்று டேவிட்சன் இயந்திரம் செய்யத் தொடங்கினார். 1881-ல் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரத்தில் சொந்தப் பட்டறை போட்டார். ட்ரையருக்குக் காற்றைத் தள்ள நல்ல விசிறி தேவைப்பட்டது. ஆகவே மெல்லிய தகடுகளை உருளை மாதிரி வட்டமாக அடுக்கிய ஒரு புதிய விசிறிக்கு 1898-ல் காப்புரிமை எடுத்தார். தேயிலைக்காகப் பிறந்த அந்த விசிறி பிறகு சுரங்கம், கப்பல், கட்டடம் என்று உலகம் முழுக்கப் போய்விட்டது.

1903-ல் அதே பெல்பாஸ்ட் நகரத்தில் ரோயல் விக்டோரியா ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அதற்குக் காற்று வசதி செய்து கொடுத்தது டேவிட்சனின் பட்டறைதான். பெல்பாஸ்ட் அப்போது ஆலைகளும் கப்பல் கட்டும் துறையும் நிறைந்த ஊர், வானமெல்லாம் கரிப்புகை. மாரிகாலத்திலோ நடுங்கும் குளிர். ஜன்னலைத் திறந்தால் நோயாளி குளிரில் விறைப்பார், கூடவே கரித்தூசும் வரும். மூடினால் நாற்பது ஐம்பது பேர் விட்ட மூச்சுக்குள்ளேயே கிடக்கவேண்டும். நல்ல காற்றா, சூடா, இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்ற நிலை.

அவர்கள் செய்த ஏற்பாட்டைக் கேளுங்கள். விசிறிகள் வெளிக்காற்றை உள்ளே இழுத்தன. அந்தக் காற்று, வரிசையாகத் தொங்கவிட்ட தேங்காய் நார்க் கயிறுகளுக்கு இடையால் போனது. ஆமாம், நம்ம ஊர்த் தும்புக் கயிறுதான்! அந்தக் கயிறுகள் எந்நேரமும் நனைந்திருக்கும்படி தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். கரித்தூசி ஈரக்கயிற்றில் ஒட்டிக்கொண்டது. அப்படிக் கழுவப்பட்ட காற்றை ஆவிச் சுருள்கள் சூடாக்கின. பிறகு நிலத்துக்கு அடியில் செங்கல்லால் கட்டிய ஆள் நடந்து போகக்கூடிய பெரிய சுரங்கப் பாதை வழியே ஒவ்வொரு வார்ட்டுக்கும் போனது. காற்று இப்படி உள்ளே அனுப்பப்பட்டதால் வார்ட்டுகளுக்கு நடுவே வெளி விடாமல் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்ட முடிந்தது. வெயில் காலத்தில் ஆவியை நிறுத்திவிட்டு ஈரக்கயிற்றை மட்டும் வைத்துக் காற்றைக் கொஞ்சம் குளிர்மையாக்கவும் முடிந்தது.

உலகத்திலேயே முதல் ஏர்கண்டிஷன் கட்டடம் இதுதான் என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். குளிரூட்டும் இயந்திரம் எதுவும் அங்கே இருக்கவில்லை என்பதால் வேறு சிலர் அதை ஒப்புக்கொள்வதில்லை. அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். கரி நெருப்பின் முன் நின்று தேயிலை புரட்டியவர்களின் புகையில் தொடங்கிய ஒரு யோசனை நோயாளியின் கட்டில்வரை போனதே, அதுதான் எங்களுக்குப் பெரிதாகப் படுகிறது.

தண்ணீர் வெளியே போகாவிட்டால்

இப்போது சுருளுக்குள் உண்டாகும் தண்ணீருக்கு வருவோம். ஆவி கொடுக்கவேண்டிய சூட்டைக் கொடுத்துத் தண்ணீராகிவிட்டது. இனி அதனால் பெரிய வேலை இல்லை, வெளியேற வேண்டும். ஆனால் குழாயின் முனையைச் சும்மா திறந்து வைத்தால் தண்ணீரோடு ஆவியும் போய்விடும். தண்ணீரை மட்டும் விட்டு ஆவியைத் தடுக்கும் ஒரு காவல்காரன் வேண்டும். அதன் பெயர் ஸ்டீம் ட்ரப்.

ட்ரப்பில் பல வகை உண்டு. விளங்குவதற்கு இலகுவானது பந்து வைத்தது. தண்ணீர்த் தாங்கியில் மிதக்கும் பந்தைப் பார்த்திருப்பீர்களே, தண்ணீர் நிறைந்ததும் பந்து உயர்ந்து குழாயை மூடும். ட்ரப்பில் அதற்கு நேர்மாறு. தண்ணீர் சேர்ந்ததும் பந்து மிதந்து உயர்ந்து வாசலைத் திறக்கும். தண்ணீர் போனதும் பந்து கீழே இறங்கி வாசலை மூடும். ஆவியில் பந்து மிதக்காது, ஆகவே ஆவிக்கு வழி இல்லை. கையளவு இரும்புப் பெட்டிதான். துரு போய் அடைத்துக்கொண்டால் சுருள் முழுவதும் கெட்டது.

அடைத்துக்கொண்டால் முதலில் தெரிவது, சுருளின் மேல்பக்கம் சூடாகவும் கீழ்ப்பக்கம் ஆறிப்போயும் இருக்கும். கீழ்க் குழாய்களில் தண்ணீர் நிறைந்துவிட்டது என்பதற்கு அடையாளம் அது. மாடியில் ஒரு பக்கக் கொழுந்து வாடும், மறுபக்கம் பச்சையாகவே கிடக்கும். அப்போது "ஆவி காணாது, இன்னும் விறகு போடு" என்று பொயிலர்காரரைத்தான் ஏசுவார்கள். அவர் என்ன செய்வார் பாவம்!

மாறாக ட்ரப் மூடாமல் திறந்தபடியே நின்றுவிட்டால் சூட்டைக் கொடுக்காத ஆவி நேராக வெளியே ஓடும். காற்று சூடாகத்தான் இருக்கும், யாரும் கவனிக்கமாட்டார்கள். விறகு மட்டும் கரையும். வெளியேறும் சூட்டுத் தண்ணீரைக் கானில் விடாமல் பொயிலருக்கே திருப்பி அனுப்பினால் இன்னும் லாபம். பொயிலருக்குப் போகும் தண்ணீரின் சூடு 6 பாகை கூடினால் நூற்றுக்கு ஒரு பங்கு எரிபொருள் மிச்சம் என்பது பொறியியலாளர்கள் சொல்லும் பொதுக் கணக்கு.

குளிர் நாட்டில் இதைவிட மோசமான ஒன்று நடக்கும். வெளிக்காற்று உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது, தேங்கி நிற்கும் தண்ணீர் குழாய்க்குள்ளேயே பனிக்கட்டியாகும். தண்ணீர் உறையும்போது நூற்றுக்கு ஒன்பது பங்கு அளவில் பருக்கும். செம்புக் குழாய் அதைத் தாங்காது, பிளந்துவிடும். ஆவி ஓடும் குழாய் உறைந்து வெடிக்கிறது என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள், ஆனால் அங்கே மாரிகாலத்தில் கட்டடப் பராமரிப்புக்காரருக்கு அதுதான் பெரிய தலையிடி. (நுவரெலியாவில் தை மாசிப் பனியில் கொழுந்து கருகுவதைப் பார்த்தவர்களுக்கு உறைபனியின் வேலை தெரியும்.)

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கட்டடம் போதிய சூடாகிவிட்டதென்று ஆவி வால்வைக் குறைக்கிறார்கள். சுருளுக்குள் மிஞ்சிய ஆவி தண்ணீராகச் சுருங்குகிறது. 1,600 லீற்றருக்கு மேற்பட்ட ஆவி ஒரே ஒரு லீற்றர் தண்ணீராகிவிடும். அப்போது குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகிறது. இளநீர் குடிக்கும் குழாயின் மேல் வாயை விரலால் அடைத்துத் தூக்கினால் இளநீர் கீழே விழாமல் தொங்குமே, அதுபோலத் தண்ணீர் வெளியே போகமுடியாமல் சுருளுக்குள் தொங்கி நிற்கும். அதனால் சுருளின் மேலே, உள்ளே மட்டும் காற்றை விடும் ஒரு சின்ன வால்வை வைக்கிறார்கள். விரலை எடுத்துவிடுகிற மாதிரி. ட்ரப்பையும் சுருளுக்கு நன்றாகக் கீழே வைக்கிறார்கள், தண்ணீர் தன் பாரத்தாலேயே இறங்கட்டும் என்று. வேறு சிலர் வால்வைக் குறைக்காமல் ஆவியை முழுவதாக விட்டு, சூடு போதுமானால் காற்றின் ஒரு பகுதியைக் கதவு வைத்துச் சுருளுக்குப் பக்கத்தால் திருப்பி விடுகிறார்கள். எங்களுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருக்கிறது. சுருள் எப்போதும் முழுச் சூட்டில் இருக்கும், தண்ணீர் தேங்க இடமே இல்லை.

இனி அந்தச் சத்தம்

வாசகர்கள் கேட்ட கேள்விக்கு வந்துவிட்டோம். இராத்திரி முழுவதும் ஆவி நின்றிருக்கிறது. குழாய் குளிர்ந்து, பள்ளமான இடங்களில் தண்ணீர் கிடக்கிறது. காலையில் ஒருவர் அவசரத்தில் வால்வைச் சட்டென்று முழுவதும் திறக்கிறார். ஆவி குழாய்க்குள் பஸ் ஓடும் வேகத்தில் அல்ல, அதைவிட வேகமாக, மணிக்கு 100 கிலோமீற்றர் அளவில் பாய்கிறது. கிடக்கும் தண்ணீரை அலை அலையாகத் தள்ளிச் சேர்த்து, குழாயை அடைக்கும் ஒரு தண்ணீர்க் கட்டியாக்கி, அதே வேகத்தில் கொண்டுபோய் அடுத்த வளைவில் மோதுகிறது. தண்ணீர் காற்றைப்போல அமுங்கிக் கொடுக்காது. சுத்தியலால் அடித்தது போலத்தான். ஆங்கிலத்திலும் இதற்குத் தண்ணீர்ச் சுத்தியல் என்றே பெயர்.

இன்னொரு விதமாகவும் நடக்கும். ஆறிப்போன தண்ணீருக்கு நடுவே ஆவிக் குமிழ் ஒன்று மாட்டிக்கொண்டால் அது ஒரு நொடியில் சுருங்கித் தண்ணீராகிவிடும். அந்த வெற்றிடத்தை நிரப்ப இரண்டு பக்கத் தண்ணீரும் பாய்ந்து மோதும். இந்த அடி முதலில் சொன்னதைவிடப் பயங்கரமானது. வால்வின் வயிற்றைப் பிளக்கவும் இணைப்பைக் கழற்றி எறியவும் இதற்குப் பலம் உண்டு.

அமெரிக்காவின் நியூயோர்க் நகரத்தில் 1882-லிருந்து வீதிக்கு அடியில் ஆவிக்குழாய்கள் ஓடுகின்றன. பெரிய கட்டடங்கள் அந்த ஆவியை வாங்கித் தங்கள் சுருள்களைச் சூடாக்கிக்கொள்கின்றன. 2007 ஜூலை 18-ஆம் திகதி மாலை, வேலை முடிந்து ஜனங்கள் வீடு திரும்பும் நேரத்தில், 1924-ல் புதைத்த குழாய் ஒன்று நடுவீதியில் வெடித்தது. ஆவியும் சேறும் பக்கத்திலிருந்த வானளாவிய கட்டடங்கள் உயரத்துக்குக் கிளம்பின. ஒருவர் உயிரிழந்தார், பல பேர் காயப்பட்டார்கள். அன்று காலை பெய்த கடும் மழை நிலத்துக்கு அடியில் குழாயைச் சூழ்ந்து குளிர்வித்ததால் உள்ளே ஏராளமான ஆவி தண்ணீராகிவிட்டது. அதை வெளியேற்ற வேண்டிய ட்ரப்புகளோ, முன்பு ஒரு கசிவை அடைக்கப் பயன்படுத்திய பசைப்பொருள் போய்ச் சேர்ந்து அடைபட்டிருந்தன. தண்ணீர் தேங்கியது, ஆவி மோதியது, குழாய் பிளந்தது. அவ்வளவு பெரிய நகரத்தில் அவ்வளவு பெரிய குழாயை உடைத்தது, கையளவு ட்ரப்பில் போய் அடைத்த பசை.

நம்ம தொழிற்சாலையில் என்ன கவனிக்கலாம்?

நாங்கள் போய்ப் பார்த்த ஒரு தொழிற்சாலையில், முப்பது வருஷமாகப் பொயிலரில் நிற்கும் பெரியவர் ஒருவர் காலையில் ஆவி திறக்கும் விதத்தைக் காட்டினார். முதலில் குழாயின் பள்ளத்தில் இருக்கும் வடிகால் குழாயைத் திறந்து இராத்தங்கல் தண்ணீரை வெளியே விட்டார். பிறகு பெரிய வால்வை ஒரு கால் சுற்று மட்டும் திறந்துவிட்டுப் பேசாமல் நின்றார். வடிகாலில் முதலில் தண்ணீர், பிறகு துப்பித் துப்பித் தண்ணீரும் ஆவியும், கடைசியில் வெறும் ஆவி. அதன்பிறகுதான் வடிகாலை மூடி வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார். "தம்பி, குழாய் குளிரிலே தூங்கிட்டுக் கிடக்கு. மெதுவா எழுப்பணும். அவசரப்பட்டா அது அடிக்கும்" என்றார். பதினைந்து நிமிடம் போனது. ஒரு தட்டுக்கூடக் கேட்கவில்லை.

அந்தப் பதினைந்து நிமிடத்தை அவருக்குக் கொடுக்கவேண்டும். கொழுந்து குவிந்து கிடக்கிறது, சீக்கிரம் திற என்று அவசரப்படுத்துபவர்கள் யாராக இருந்தாலும் இதை ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். வால்வைத் திறப்பது அதற்குப் பழக்கப்பட்டவரின் வேலை. மாடியில் நிற்பவர்கள் கை வைக்கக்கூடாது. ஆனால் சத்தம் கேட்டாலும், சுருளின் ஒரு பகுதி ஆறிக் கிடந்தாலும், ட்ரப் பக்கம் ஓயாமல் சீறினாலும், பார்த்தவர் உடனே சொல்லவேண்டும். சொன்னதைப் புத்தகத்தில் எழுதச் சொல்லவும் வேண்டும். தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி பொயிலர் காலத்துக்குக் காலம் அதிகாரம் பெற்ற அதிகாரியால் பரிசோதிக்கப்பட வேண்டும். ட்ரப்பையும் வடிகாலையும் அன்றாடம் கவனிப்பது தொழிற்சாலையில் உள்ளவர்களின் கையில்தான் இருக்கிறது.

செட்டைகளுக்கு இடையே தேயிலைத் தூசும் பஞ்சும் அடைந்தால் காற்று போக வழியில்லாமல் சுருள் சூட்டைக் கொடுக்க முடியாது. அதைத் துப்புரவு செய்யும்போது ஆவி வால்வு மூடியிருக்கிறதா, சுருள் ஆறிவிட்டதா, விசிறியின் மின்சாரம் துண்டிக்கப்பட்டதா என்று பொயிலர்காரரிடமும் எலக்ட்ரீசியனிடமும் கேட்டு உறுதி செய்த பிறகே கை போடவேண்டும். கம்பித் தூரிகையால் பலமாகத் தேய்த்தால் செட்டை மடங்கிவிடும். மெதுவான தூரிகையால் செட்டை நிற்கும் திசையிலேயே இழுக்கவேண்டும்.

கசிவு விஷயத்தில் மிகக் கவனம். உண்மையான ஆவி கண்ணுக்குத் தெரியாது. நாம் வெள்ளையாகப் பார்ப்பது ஆறிப்போன நுண்ணிய தண்ணீர்த் துளிகளை. கேத்தல் மூக்கை உற்றுப் பாருங்கள், வாய்க்கும் வெள்ளைப் புகைக்கும் நடுவே ஒரு விரல் அளவு வெறுமையாக இருக்கும். சூடு கூடிய இடம் அதுதான். 7 பார் அமுக்கத்தில் ஓடும் ஆவி சுமார் 170 பாகை சூடு. ஆகவே சீறும் சத்தம் கேட்டு எங்கே ஓட்டை என்று கையால் தடவித் தேடக் கூடாது.

ஆவி பட்ட காயம் கொதிதண்ணீர்க் காயத்தைவிட ஆழமாக இருக்கும். மேலே சொன்ன அந்த ஒளிந்திருக்கும் சூடு முழுவதையும் ஆவி நம் தோலிடமே கொடுத்துவிடுவதுதான் காரணம். பட்டவுடன் குழாய்த் தண்ணீரில், ஓடும் தண்ணீரில், 20 நிமிடம் காயத்தைப் பிடிக்கவேண்டும். மோதிரம், வளையல், இறுக்கமான உடுப்பு எதுவானாலும் வீங்குவதற்கு முன் கழற்றிவிட வேண்டும். தோலோடு ஒட்டிக்கொண்ட துணியை இழுக்கக்கூடாது. பற்பசை, தேங்காய் எண்ணெய், மஞ்சள், மண்ணெண்ணெய் எதுவும் பூச வேண்டாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். சுத்தமான துணியால் தளர்வாக மூடி, தோட்ட மருந்துச்சாலைக்குக் கொண்டுபோங்கள். முகத்தில் ஆவி அடித்திருந்தால், அல்லது மூச்சோடு உள்ளே போயிருந்தால், வெளியே காயம் சின்னதாகத் தெரிந்தாலும் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். தொண்டை வீங்குவது சில மணித்தியாலம் கழித்துக்கூட வரலாம்.